மூன்று நிறத் தாவெத்தும் ஒரு குடையும்

“குடையை அப்பாதான் பிடிப்பாரு” என்று மிரெல்லா சொன்னபோது லெகினி சூப்புக்குக் கோழி வெட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வெட்டு கோழியைத் தாண்டிப் பலகையில் இறங்கியது.

“எந்த அப்பா?”

“எனக்கு எத்தனை அப்பாம்மா?”

“அதான் எனக்கும் தெரியலை. ஒரு அப்பன் இருந்தான். பஸ் ஓட்டுறேன்னு போனவன் வேற வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டான்.”

மிரெல்லாவுக்குத்தான் கல்யாணம். தலைநகர் பாரமாரிபோவில் ஒரு போன் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கிப் பழகியவள். அம்மாவின் திட்டெல்லாம் அவளுக்கு மழைத்தூறல்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணுக்குப் பூத்தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியதும், பெண்ணைப் பெற்றவள் வாசலில் மேசை போட்டு வந்தவர்களுக்குத் தாவெத் விற்க வேண்டும். தேங்காய்ப்பாலும் பாகும் கலந்த குளிர்ந்த தாவெத். புருஷன் பக்கத்தில் நின்று அவளுக்குக் குடை பிடிக்க வேண்டும். வாங்குகிறவர்கள் காசு கொடுக்க மாட்டார்கள், பெண் வீட்டில் முன்னாலேயே கொடுத்துவைத்த ஓட்டுச்சில்லைக் கொடுப்பார்கள். அதை வாங்கிப் பானையில் போடுவதும் புருஷன் வேலைதான். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களோடு ஜாவாவிலிருந்து வந்த வழக்கம் இது. நடுவில் ரொம்ப நாள் யாரும் சீந்தவில்லை. இப்போது எங்கள் பெண்பிள்ளைகள் ஜாவாக் கல்யாணங்களைப் போனில் பார்த்துவிட்டு எங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். படம் நன்றாக விழுகிறதாம். படம் நன்றாக விழுந்தால் போதும், அதற்குள் நிற்கிறவர்கள் எப்படிப் போனால் இவர்களுக்கு என்ன?

பைமான், அதாவது மிரெல்லாவின் அப்பன், எங்கள் ஊர் தமன்ரெஜோவுக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே மினிபஸ் ஓட்டுகிறவன். சுர்த்தினா என்று ஒருத்தி சந்தையில் தாவெத் விற்க வாளியோடு அவன் பஸ்ஸில் ஏறுவாள். ஒருநாள் வாளி இறங்கியது, அவள் இறங்கவில்லை. ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு லெகினி அவனோடு பேசியதெல்லாம் வாசற்படியில் நின்று சொன்ன “போ” ஒன்றுதான்.

“சரி, வரட்டும். குடையைப் பிடிச்சிட்டுப் போகட்டும்” என்றாள் லெகினி, கத்தியைக் கழுவிக்கொண்டே. “பொண்ணைப் பெத்தவன். மத்தபடி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“இன்னொண்ணும்மா.” மிரெல்லா போனைத் தடவினாள். “தாவெத்தை சுர்த்தினாம்மா செஞ்சு கொண்டுவரேன்னு சொல்லியிருக்காங்க.”

லெகினி திரும்பினாள். கத்தி இன்னும் கையில்தான் இருந்தது.

“யாரு அம்மா?”

“சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்றதும்மா.”

“மரியாதையை வேற எங்கயாச்சும் வச்சுக்கோ. அம்மாங்கிறது ஒண்ணுதான்.”

“பாரு இதை.” மிரெல்லா போனை நீட்டினாள். உயரமான கண்ணாடி டம்ளர். அடியில் ரத்தச் சிவப்பு, நடுவில் பச்சை, மேலே பால்வெள்ளை. ஒன்றோடொன்று ஒட்டாமல் கோடு கிழித்தது போல நின்றன. “சந்தையில இதுக்குத்தான் கூட்டம். நீ வாளியில கலக்கி மோந்து குடுக்குற தாவெத்தைப் படம் பிடிச்சா பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கும்.”

“அப்ப அவ செஞ்சு கொண்டுவருவா, நான் நின்னு ஊத்திக் குடுக்கணும்?”

“ஆமா, அதுல என்ன?”

அதில் என்ன என்று கேட்கிறாள்! தாவெத்தைச் செய்கிறவள்தான் அம்மா. ஊற்றிக் கொடுக்க யார் கை வேண்டுமானாலும் போதும். புருஷனைத்தான் கொண்டுபோனாள், போகட்டும். அவனில்லாமல் வீடு ஒன்றும் இடிந்துவிடவில்லை. ஆனால் பெற்று வளர்த்த பெண்ணின் கல்யாணத்தில், தன் வீட்டு வாசலில், அவளுடைய சரக்கை ஊற்றிக் கொடுக்கிற கூலிக்காரியாக நிற்பதா? லெகினி கத்தியைப் பலகையில் போட்டாள்.

“நானே செய்றேன். மூணு கலர்ல.”

“உனக்குத் தெரியாதும்மா.”

“உன்னைப் பெத்துக்கக்கூடத்தான் தெரியாது. பெத்தேன்ல?”

மிரெல்லா பெருமூச்சு விட்டாள். “சரி. வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள மூணு கலரும் தனித்தனியா நிக்கணும். நின்னா உன்னோடது. நிக்கலைன்னா அவங்களோடது. அப்புறம் சண்டை போடக் கூடாது.”

“நான் எப்ப சண்டை போட்டேன்?” என்றாள் லெகினி. பக்கத்து வீட்டுக் காதினெம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்த சத்தம் கேட்டது.

சிவப்பு என்றால் எலுமிச்சைப்புல்லைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிய பாகு. பச்சை என்றால் ரம்பை இலையை அரைத்து வடித்த தண்ணீர். அதில் மரவள்ளி மாவைக் கூழாகக் கிண்டிக் கண்கரண்டியில் தேய்த்து இறக்கிய பச்சை இழைகளும் மிதக்கும். வெள்ளை என்றால் தேங்காய்ப்பால், சிட்டிகை உப்போடு. மூன்றும் லெகினி பாவாடை கட்டின நாளிலிருந்து செய்கிறவைதான். ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்ற வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

டம்ளரில் சிவப்பை ஊற்றினாள். கரண்டியைக் கவிழ்த்து அதன் முதுகில் பச்சையை மெல்ல வழியவிட்டாள், போனில் பார்த்தது போலவே. பச்சை நேராக அடிக்குப் போய்ச் சிவப்பைக் கட்டிக்கொண்டது. பாலை ஊற்றினாள். அதுவும் போய்க் கலந்தது. மழைக்குப் பிறகு எங்கள் கால்வாயில் ஓடுகிற தண்ணீரின் நிறம் வந்தது.

மறுபடி ஊற்றினாள். இன்னும் மெல்ல ஊற்றினாள். ஐஸ் போட்டு ஊற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒவ்வொரு தடவையும் மூன்றும் வெட்கமில்லாமல் ஒன்றாய்ப் படுத்துக்கொண்டன.

“இனிப்பு சரியா இருக்கு” என்றாள் காதினெம் அக்கா, வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு டம்ளரைக் காலி செய்துவிட்டு. “வாசனையும் சரி. கண்ணை மூடிக்கிட்டு குடிச்சா ஒரு குறையும் இல்ல.”

“எல்லாரையும் கண்ணை மூடிக்கிட்டு குடிக்கச் சொல்லவா?”

“உன் கோபம்தான் காரணம். கை நடுங்குது பாரு.”

“நடுங்கலை. அவ கழுத்தை நெரிக்கிறதா நெனச்சுத்தான் கரண்டியைப் பிடிக்கிறேன். கெட்டியாத்தான் இருக்கு.”

வியாழக்கிழமை மத்தியானம் வரை இதே கதை. ஜன்னல் ஓரத்தில் கலங்கிய டம்ளர்கள் வரிசையாக நின்றன. ஈ மொய்த்தது. அப்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

சுர்த்தினா. சட்டைக்கு ஏற்ற உதட்டுச்சாயம். பின்னால் பெட்டி நிறையக் கண்ணாடி டம்ளர்கள். மிரெல்லாதான் இரவல் கேட்டிருந்தாள், அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாசல் கதவு பூட்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சுர்த்தினா படலைக்கு வெளியே நின்று, பெரியவர்களிடம் பேசுகிற பணிவான பேச்சில் கேட்டாள். எங்களில் ஒருத்தரை அறைய வேண்டுமென்றால் இப்படித்தான் பேசுவார்கள்.

“உள்ள வரலாமுங்களா, அக்கா?”

“என் வீட்டுல எதைக் கேட்டு எடுத்த நீ? இதுக்கு மட்டும் என்ன கேள்வி?”

சுர்த்தினா சிரித்துக்கொண்டே வந்தாள். பெட்டியைச் சமையற்கட்டுத் திண்டில் வைத்தாள். திரும்பினவள் ஜன்னலோரத்து வரிசையைப் பார்த்துவிட்டாள். லெகினிக்கு அந்த டம்ளர்களை முந்தானையால் மூட வேண்டும் போலிருந்தது. உடம்பில் முந்தானை இல்லை, கைலியும் சட்டையும்தான்.

“இது என்னங்கக்கா, மாட்டுக்கா?”

“உனக்குத்தான். குடிச்சிட்டுப் போ.”

சுர்த்தினா ருசி பார்க்கவும் செய்தாள். சிவப்புப் பாகு இருந்த பாத்திரத்தில் விரல் நுனியை விட்டு நாக்கில் வைத்தாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். பிறகு அவள் முகத்தில் வந்த சிரிப்பை லெகினி சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை.

“மாத்திரை இனிப்பு போட்டிருக்கீங்க.”

லெகினி பாத்திரத்தை இழுத்து மூடினாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு தடவை மீன் கம்பெனியில் வேலையின்போது மயங்கி விழுந்த பிறகு மிரெல்லா வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவைத் தூக்கிக் கால்வாயில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து மருந்துக்கடை மாத்திரைதான் இந்த வீட்டில் இனிப்பு. எங்கள் ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான். காப்பியில் மாத்திரை, பலகாரத்தில் மாத்திரை, பாகிலும் மாத்திரை. யாருக்கும் அதில் அதிசயம் கிடையாது.

“நாக்கை ஏமாத்தலாங்கக்கா, டம்ளரை ஏமாத்த முடியாது” என்றாள் சுர்த்தினா, விரலைத் துடைத்துக்கொண்டு. “அடியில உக்காரணும்னா ஒரு கனம் வேணும். வெறும் தண்ணிக்குச் சாயம் பூசிட்டு உக்காரு உக்காருன்னா எப்படி உக்காரும்? உங்க வீட்டுல எதுதான் தங்கியிருக்கு?”

“வெளிய போடி.”

“நாளைக்குக் காலையில வாளியைக் கொண்டாந்துடறேன். நீங்க சிரமப்படாதீங்க.”

ஸ்கூட்டர் போன பிறகும் லெகினி அங்கேயே நின்றாள். அவள் பேச்சை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கினாள். அப்படி அடுக்கிக்கொண்டே போகும்போதுதான் ஒரு சொல்லில் நின்றாள். கனம்.

“அக்கா!” என்று வேலிக்கு அப்பால் கத்தினாள். “சீனர் கடைக்குப் போகணும். வா.”

“என்னத்துக்கு?”

“அந்தச் சிறுக்கி கடை ரகசியத்தை என் அடுப்படியில கொட்டிட்டுப் போயிருக்கா. திட்டுற ஜோர்ல அவளுக்கே தெரியலை.”

சாயங்காலம் மிரெல்லா வேலையிலிருந்து வந்தபோது அடுப்பில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிரித்த சர்க்கரை மூட்டை. அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“இது எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சு? சாகப்போறியா?”

“எனக்கில்லை. டம்ளருக்கு.”

“ருசி பாத்தியா? உண்மையைச் சொல்லு.”

“காதினெம் அக்காதான் பாக்குறா. அவ பாத்துப் பாத்தே அரைச் சட்டி பாகு கொறைஞ்சுபோச்சு. நீ வாயை மூடிக்கிட்டு இங்க வந்து நில்லு.”

பாகு ஆறும்வரை காத்திருந்தார்கள். சூடாக ஊற்றினால் எல்லாம் கெடும் என்பது மட்டும் லெகினிக்குத் தானாகவே தெரிந்தது. சிவப்பில் சர்க்கரையை வாரிக் கொட்டியிருந்தாள். பச்சையில் கொஞ்சமாக. வெள்ளையில் ஒன்றுமே இல்லை. கனத்தது கீழே, லேசானது மேலே, அவ்வளவுதான் சங்கதி. சிவப்பை ஊற்றினாள். அது தேன் போல இறங்கி அடியில் அமர்ந்தது. கரண்டி முதுகில் பச்சையை விட்டாள். அது சிவப்பைத் தொட்டது, தயங்கியது, மேலேயே பரவி நின்றது. இழைகள் சிவப்பின் மேல் பாய் விரித்துப் படுத்துக்கொண்டன. ஐஸ் கட்டி மேல் பாலை வழியவிட்டாள். வெள்ளை மேலே மூடியது.

மூன்று நிறமும் நின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் டம்ளரைத் தூக்கிப் பிடித்தபோது காதினெம் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். லெகினிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. பழியை அடுப்புப் புகையின் மேல் போட்டுத் துடைத்துக்கொண்டாள்.

மிரெல்லா குனிந்து, நிமிர்ந்து, நாலு பக்கமும் படம் பிடித்தாள். “சரி” என்றாள். “உன்னோடது.” பிறகு சர்க்கரை மூட்டையைக் கட்டித் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்ப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். ஒலிபெருக்கியில் கமெலான் இசை. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இங்கிருந்து அதுதான் சரியான திசை என்று கிழக்கே பார்த்துத் தொழுகிறவர்கள், நாங்கள் ஜாவாவில் தொழுத பழக்கத்தில் மேற்கே பார்த்துத் தொழுகிறவர்கள். ஒரே பந்தலில் உட்கார்ந்து முறைத்துக்கொள்ள எங்கள் ஊரில் இது ஒன்றே போதும். மாப்பிள்ளையின் பெரியம்மா வந்ததிலிருந்து ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

பூக்குளியல் முடிந்தது. குளித்த பெண் இருட்டும்வரை வாசற்படி தாண்டக் கூடாது என்று மிரெல்லாவை உள்ளே உட்காரவைத்தார்கள். லெகினி மேசைக்குப் பின்னால் வந்து நின்றாள். பந்தலுக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ்தான் மேசை. இல்லாவிட்டால் குடைக்கு என்ன வேலை?

பைமான் வந்தான். கஞ்சி போட்ட பத்திக் சட்டை. கையில் குஞ்சம் வைத்த பெரிய குடை. அவன் மயிருக்குப் புதுச் சாயம் அடித்திருந்ததை லெகினி கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“சிரிங்க” என்றான் போட்டோக்காரன். “அப்பா, இன்னும் கிட்ட வாங்க.”

“வரச்சொல்லாத. இதுவே ஜாஸ்தி” என்றாள் லெகினி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே.

“நான் ஒண்ணும் ஆசைப்பட்டு வரலை” என்றான் பைமான், அவனும் சிரித்தபடி. “பொண்ணு கேட்டா.”

“பொண்ணு ஆறு வருஷமா எவ்வளவோ கேட்டா.”

“ஊரே பாக்குது, வாயை அடக்கு.”

“ஊர் முகத்தைத்தான் பாக்கும். வாயைக் கேக்காது. நீ குடையை நேராப் பிடி, காது வேகுது.”

முதல் ஆள் வந்தார். லெகினி சிவப்பு, பச்சை, வெள்ளை என்று ஊற்றினாள். கூட்டத்தில் ‘ஆ’ என்று ஒரு சத்தம் எழுந்தது. போன்கள் உயர்ந்தன. மாப்பிள்ளையின் பெரியம்மாகூட உச்சுக்கொட்டுவதை மறந்துவிட்டு எட்டிப்பார்த்தாள். வரிசை நீண்டது. பைமான் ஒவ்வொருவரிடமும் சில்லை வாங்கிப் பானையில் போட்டான். நாலைந்து சில்லுக்குப் பிறகு அவன் கை நின்றது. ஒரு சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் நீலக் கொடி.

“இது எங்கம்மாவோட தட்டு.”

“இருந்துச்சு.”

“அந்தத் தட்டுகளை எத்தனை தடவை ஆள் விட்டுக் கேட்டேன்? எங்கம்மா ஞாபகமா—”

“இப்பத் திருப்பித் தர்றேன்ல? ஒவ்வொண்ணா வாங்கிக்கோ. நம்ம ஊர்ல எல்லாம் தகரக் கூரை. ஓட்டுச்சில்லுக்கு நான் எங்க போவேன்?”

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. முகத்தில் சிரிப்பு மட்டும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. அடுத்த சில்லு நீலக் கொடி. அதற்கடுத்ததும். ஊர் முழுக்கக் கையில் அவன் அம்மாவைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு வரிசையில் நின்றது. லெகினி வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எதையும் அனுபவித்ததில்லை.

அப்போது வரிசையில் சுர்த்தினா வந்து நின்றாள்.

பேச்சு அடங்கியது. ஒலிபெருக்கியைக்கூட யாரோ சின்னதாக்கினார்கள். சுர்த்தினா சில்லை நீட்டினாள். “ஒண்ணு குடுங்கக்கா.”

தாவெத் விற்கிறவள் யாரையும் இல்லையென்று திருப்பக் கூடாது. திருப்பினால் பெண்ணுக்கு வரவேண்டியது வாசலோடு திரும்பிப் போய்விடும் என்பார்கள். லெகினி டம்ளரை எடுத்தாள். நல்லதாகப் பார்த்துத்தான் எடுத்தாள். இவளுக்கு ஊற்றுவது இன்றைக்கு ஊற்றியதிலேயே அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அவள் குடிக்கும்போது தொண்டையில் அது முள்ளாக நிற்க வேண்டும்.

சிவப்பை ஊற்றினாள். பச்சையை ஊற்றிக்கொண்டிருந்தபோது தூறல் விழுந்தது. எங்கள் ஊர் மழை சொல்லிக்கொண்டு வராது. லெகினியின் வலது தோளில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு கழுத்தில், பிறகு கையில். டம்ளருக்குள் ஒன்று விழுந்து பச்சையைக் கலக்கியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே குடை இல்லை.

குடை மேசையைத் தாண்டிச் சாய்ந்திருந்தது. சுர்த்தினாவின் தலைக்கு மேல்.

வேண்டுமென்று செய்திருந்தால் லெகினி கரண்டியாலேயே அந்தக் கையில் ஒன்று போட்டிருப்பாள். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அவன் இன்னும் சில்லுப் பானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தூறல் விழுந்ததும் அந்தக் கை தன் வீட்டுக்காரியைத் தேடிப் போயிற்று. முன்பு லெகினியைத் தேடி வந்த கைதான். இப்போது அதற்கு இந்தத் தலை ஞாபகமில்லை. அவன் விட்டுப்போன அன்றுகூட லெகினிக்கு இப்படி வலிக்கவில்லை. அன்றைக்குக் கோபம் துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல், ஊர் முன்னால், நனைந்துகொண்டு நின்றாள்.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கடைசியாகப் பார்த்தவள் சுர்த்தினா. அவள் முகம் சிவந்தது.

“என்னங்க நீங்க, அக்காவுக்குப் பிடிங்க” என்றாள் தணிந்த குரலில்.

குடை திடுக்கிட்டுத் திரும்பி வந்தது. அது அதைவிட மோசம். அவள் சொல்லி வந்த குடை.

லெகினி கலங்கிய டம்ளரைத் தரையில் கொட்டினாள். புது டம்ளர் எடுத்தாள். சிவப்பு, பச்சை, வெள்ளை. அவசரப்படவில்லை. மூன்றும் அசையாமல் நின்றன. சுர்த்தினாவின் கையில் கொடுத்தாள்.

சுர்த்தினா ஒரு வாய் குடித்தாள். “சக்கரை கொஞ்சம் தூக்கல்” என்றாள். பழக்கம் விடுமா?

“உன் வாய்க்கு அதுதான் மருந்து” என்றாள் லெகினி. பிறகு பைமான் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “குடையைக் கீழ வை.”

“என்னது?”

“கீழ வச்சிட்டு அவளைக் கூட்டிக்கிட்டு பந்தலுக்குள்ள போய் உக்காரு.”

“சடங்கு முடியலையே. ஆள் பிடிக்காம எப்படி—”

“மழைதான் பெய்யுது. அமிலமா பெய்யுது? போ.”

பந்தலில் ஒரு சலசலப்பு. “ஐயோ, பொண்ணு வெளிய வருது! பிடிங்க, பிடிங்க!” மிரெல்லா வாசற்படி தாண்டி வந்துகொண்டிருந்தாள். ஈரத் தலை. தோளில் மல்லிகை வலை, குளியல் கைலி, வெறுங்கால். வழியில் கையைப் பிடித்தவர்களை உதறினாள். நேரே அப்பாவிடம் வந்து நின்றாள்.

“குடுங்கப்பா.”

“நீ உள்ள போம்மா. தெரியாம நடந்துபோச்சு. நான் நேராப் பிடிக்கிறேன்.”

“தெரியாமத்தான் நடந்துச்சு. அதான் கேக்குறேன். குடுங்க.”

பைமான் கொடுத்தான். வேறு என்ன செய்வான்? அவன் முகத்தில் ஈயாடவில்லை. சுர்த்தினா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, அவன் அவள் பின்னால் நனைந்துகொண்டே போனான்.

“பொண்ணு குடை பிடிக்கிற வழக்கம் எந்த ஊர்ல?” என்று மாப்பிள்ளையின் பெரியம்மா சத்தமாகவே கேட்டாள்.

“புருஷன் ஓடிப்போன ஊர்ல” என்றாள் காதினெம் அக்கா. “உக்காந்து தாவெத்தைக் குடிங்க.”

லெகினி மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள். “உள்ள போடி” என்றாள். “சளி பிடிச்சா நாளைக்கு மூக்கை உறிஞ்சிக்கிட்டுத்தான் மணவறையில நிப்ப.”

“ஊத்தும்மா. வரிசை நிக்குது.”

“போட்டோ கெட்டுப்போகும்.”

“கெட்டுப்போகட்டும்.”

மிரெல்லா குடையை முழுசாக அம்மா பக்கமே பிடித்திருந்தாள். அவள் தோளிலிருந்த மல்லிகை நனைந்து சொட்டியது. லெகினி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துத் தன்னோடு ஒட்டி நிறுத்திக்கொண்டாள். பிறகு அடுத்த டம்ளரை எடுத்து, சிவப்பை ஊற்றினாள்.